மைதானத்தில் வாய்த்த நண்பர்

சென்னைப் பெரியமேட்டு ஜவாஹர்லால் நேரு மைதானத்திலே, 2014-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னையின் எஃப்.சி. கழகத்தாரின் முதற்பருவ ஆட்டமொன்றில் அவரைச் சந்தித்தேன். பெயர் கேளாமுன்னரே வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். பெயரை அடுத்த ஆட்டத்திற்றான் அறிந்தேன்.

ஜயத்தினும் தோல்வியிலேயே அவர் பேச்சு இனிக்கும். நம்மவர் கோல் வாங்கினால், பிறரைப்போல் கோல்காவலரை ஏசார். பந்து முதலில் எவர் காலினின்று நழுவிற்றென்று பின்னோக்கி ஆராய்வார். இவ்விஷயத்தில் அவரோடு வாதாடி வென்றாரை யான் கண்டதில்லை.

2015 டிசம்பரில் பெருவெள்ளம் சென்னையைச் சூழவே, நம்மவரின் அரையிறுதியாட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. நண்பர் வீட்டிலும் இடுப்பளவு நீர் புகுந்து, அவருடைய புத்தகங்களெல்லாம் பாழாயின. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, பேச்சே குறைந்துபோயிற்று.

அம்மாதம் 20-ஆந் தேதி கோவாவில் இறுதியாட்டம். சேற்றுநாற்றம் நீங்காத அவர் கூடத்தில் பாய்விரித்து இருவரும் தொலைக்காட்சியிற் கண்டோம். 87-ஆம் நிமிஷத்தில் நம்மவர் 1-2 எனப் பின்தங்கினர். பின்னர் எதிர்க்கோல்காவலராலேயே ஒரு கோலும், கொலம்பியா தேசத்து மெண்டோசாவால் மற்றொன்றும் கிடைக்க, 3-2 என்று ஜயம்! வெள்ளத்திற்குப்பின் அவர் சிரித்தது அன்றுதான் என்றார் அவர் மனைவியார்.

சென்ற ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய நீலக் கழுத்துத்துண்டை மகன் என்னிடம் கொடுத்தான். அதன் ஓரத்தில் அவ்வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. யான் அதனைத் துவைக்கவில்லை.