உயிரோடு இருக்கிறீர்களா? மீண்டும் முயற்சிக்கவும்!

உலகத்திலேயே பொறுப்பில்லாத வாக்கியம் எது தெரியுமா? 'இணைப்பைச் சரிபார்த்து மீண்டும் முயற்சிக்கவும்.'

எந்த இணைப்பு, எங்கே கோளாறு, யார் மேல் தப்பு... மூச்சு விடாது. சர்க்கார் ஆபீஸில் 'நாளைக்கு வாங்க' என்பார்களே, அதனுடைய செல்போன் அவதாரம் இது. ஆப் இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாமும் நாலு தடவை குத்துவோம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். மொட்டை மாடிக்குப் போய் வானத்தை நோக்கிப் போனை நீட்டுவோம். கீழே இறங்கினால் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

விளையாட்டு ஆப் என்றால் போய்த் தொலைகிறது. போன நவம்பரில் எங்கள் அச்சன்புதூரில் இறங்க மறுத்தது ஒரு மனிதரின் உயிர்!

பதற வேண்டாம். பெரியப்பா திடகாத்திரமாகத்தான் இருந்தார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். செங்கோட்டைப் பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலத்து ஆசாமி. இவரைப் போன்ற பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பர் முடிவதற்குள் 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று உயிர்ச் சான்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அந்த வீட்டில் பென்ஷன் என்றால் அரிசி, கரன்ட் பில், பெரியம்மாவின் இன்சுலின்.

2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் சான்று வந்தது. விரல் ரேகை வைக்க வேண்டும். ஆயுசு பூராவும் இரும்பு லீவரை இழுத்த கையில் ரேகைக்கு எங்கே போவது? 2021 நவம்பர் 29-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி செய்தார்கள். அதற்கு ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்று இரண்டு ஆப் வேண்டும். அந்த இரண்டும்தான் இறங்கவில்லை. தேதி நவம்பர் 28.

தபால்காரரைக் கூப்பிட்டால் சிறு கட்டணத்துக்கு வீட்டுக்கே வந்து செய்து தருவார். பெரியப்பாவிடம் சொன்னேன். "நா உசுரோட இருக்கேன்னு சொல்ல இன்னொருத்தன் எதுக்குலே?" என்றார். நியாயம்தானே?

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் தெரு நம்பிக்கை. போன் என் கைக்கு வந்தது. கூடவே இலவச ஆலோசனைகளும். "மொத்தமா ரீசெட் அடிச்சிருங்க" என்றார் ஒருவர். ரீசெட் என்பது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது. போட்டோ, நம்பர் எல்லாம் போகும், பூச்சி மட்டும் தப்பிக்கவும் வாய்ப்புண்டு. இன்னொருவர், "வாட்ஸ்அப்பில் எவனாவது ஆப் ஃபைல் அனுப்புவான், போட்டுக்கலாம்" என்றார். உயிர்ச் சான்று பெயரைச் சொல்லியே பென்ஷன்காரர்களின் ஓ.டி.பி.யை வாங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டம் இருக்கிறது. ஆப் இறங்காவிட்டால் ஒரு மாசப் பென்ஷன் தாமதமாகும். தப்பான ஆப் இறங்கினால் சேமிப்பே போகும். (அப்படி ஏதும் நடந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.)

நான் படித்தது பி.காம். அதில் உருப்படியாக மனசில் நின்றது ஒன்றுதான். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைக் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவாக டிக் அடித்துக்கொண்டே வந்தால் வித்தியாசம் ஓரிடத்தில் தலைகாட்டும். போனுக்கும் அதே வைத்தியம். கோளாறு மூன்றே இடத்தில்தான் இருக்க முடியும்: கடை, கடைக்குப் போகிற ரோடு, அல்லது நம் வீடு.

என் போனில் அதே ஆப் ஜம்மென்று இறங்கியது. ஆக, கடை திறந்துதான் இருக்கிறது. என் ஹாட்ஸ்பாட்டைப் பெரியப்பாவின் போனுக்குக் கொடுத்தேன். அப்போதும் வட்டம். ஆக, ரோடும் சரி. கோளாறு வீட்டுக்குள்ளேதான்.

இடம் இருக்கிறதா? தாராளமாக இருந்தது. 'வைஃபையில் மட்டும் இறக்கு' என்ற கட்டளையோ டேட்டா சேவரோ குறுக்கே நிற்கிறதா? இல்லை. அடுத்து பிரவுசரைத் திறந்தேன். அது ஒன்றுதான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னது: 'உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுகிறது.'

தேதியைப் பார்த்தேன். வெளியே நவம்பர் மழை பெய்துகொண்டிருக்க, போனுக்குள் அடுத்த வருஷம் ஜூன் மாதம். குற்றால சீசனே ஆரம்பித்திருந்தது!

"தேதி தப்பா இருந்தா ஆப் ஏன்டே இறங்காது?" என்றார் பெரியப்பா.

அவர் பாஷையிலேயே சொன்னேன். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்துவாரா? அந்த மாதிரி, போன் எந்த சர்வரிடம் போனாலும் முதலில் 'உன் சான்றிதழைக் காட்டு' என்று கேட்கும். அதில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். போன் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். கடிகாரம் ஜூன் என்றால், நல்ல சான்றிதழ்கூட அதன் கண்ணுக்குக் காலாவதி ஆகிவிடலாம். 'ஆள் சரியில்லை' என்று போன் கதவைச் சாத்திவிடும். நமக்கு வந்து சேருவது 'மீண்டும் முயற்சிக்கவும்'.

இந்தக் கெடுபிடி குறையப் போவதில்லை. 2020 செப்டம்பரில் இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 398 நாள் என்று ஆனது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று 2025-ல் முடிவெடுத்திருக்கிறார்கள். ஆயுள் குறையக் குறைய, கடிகாரம் கொஞ்சம் பிசகினாலும் கதவு சாத்தும்.

பெரியப்பா தலையை ஆட்டினார். "ஸ்டேஷன் கடியாரம் தப்புன்னா எல்லாமே தப்புடே."

செட்டிங்ஸில் 'தேதியும் நேரமும்' பகுதிக்குப் போய், 'தானாக அமை' என்பதைத் தட்டினேன். போன் ஒரு நொடியில் ஏழு மாதம் பின்னால் வந்தது. வட்டம் நின்றது. ஆப் இரண்டும் இறங்கின.

உங்கள் போனில் தேதி சரியாக இருந்தும் ஆப் அடம் பிடித்தால், ஏரோப்ளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுங்கள். வி.பி.என். ஓடினால் நிறுத்துங்கள். பிறகு ப்ளே ஸ்டோரின் கேஷை அழியுங்கள், போட்டோ எதுவும் போகாது. கூகுள் கணக்கை நீக்கி மறுபடி சேர்ப்பது கடைசிக்கு முந்தின படி. அதற்கு முன் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் ஒரேயடியாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அடுத்த தடவை மறுபடி மொட்டை மாடிதான்.

போன் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தது. கண்ணை இமைக்கச் சொன்னது. "நைட் டூட்டியில இமைக்காம இருந்ததுக்குத்தான்டே பென்ஷன் குடுக்கான். இப்ப இமைச்சாத்தான் குடுப்பேங்கானே!" என்றபடி இமைத்தார். பென்ஷன் கணக்கில் அவர் இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருக்கிறார் என்று சான்று வந்தது. உள்ளேயிருந்து பெரியம்மா, "காப்பி குடிக்கியால?" என்று கேட்டதில் இத்தனை நாள் இல்லாத சத்தம் இருந்தது.

எல்லாம் சரி, கடிகாரம் ஜூனுக்குப் போனது எப்படி? விசாரித்ததில், தீபாவளிக்கு வந்த பேரன் அந்தப் போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஆடியிருக்கிறான். அதில் ஐந்து 'உயிர்' தருவார்கள். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். தேதியை முன்னால் தள்ளினால் காக்காமலே கிடைக்கும். தள்ளித் தள்ளி, உயிர் மேல் உயிராக வாங்கி, தாத்தாவின் உயிரில் கை வைத்துவிட்டான்.

பொங்கல் லீவுக்கு வந்தவன் ஆசையாகப் போனை எடுத்தான். முகம் தொங்கிப் போயிற்று. தேதி பின்னால் வந்ததில் விளையாட்டுக்குக் கணக்குக் குழம்பி, 'அடுத்த உயிர் ஜூனில்தான்' என்கிறதாம்.

பெரியப்பா ஆறுதல் சொன்னார்: "எனக்கு வருசத்துக்கு ஒண்ணுதான்டே குடுக்கான். பொறுத்துக்கோ!"