மிதிவண்டியின் வயது

என் தம்பி கலிபோர்னியாவில் வாழ்கிறான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் அவன் வீடு இருக்கிறது. அவ்வீட்டின் கார்க் கொட்டகைச் சுவரில், இரண்டு கொக்கிகளில், பழைய மிதிவண்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அகன்ற டயர்கள், தடித்த சட்டம், நேரான கைப்பிடி. மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. நீலச் சாயம் பல இடங்களில் உரிந்துபோயிருந்தது. செய்தவர் பெயரைத் தாங்கிய ஒட்டுத்தாளும் என்றோ உதிர்ந்துவிட்டது.

அவ்வண்டியைப் பற்றித் தம்பிக்குப் பெருமை மிகுதி. 1992-ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக அவன் அந்நாட்டுக்குச் சென்றான். சென்ற முதல் மாதத்தில், படிப்பு முடிந்து ஊர் திரும்பவிருந்த மாணவர் ஒருவரிடம் நாற்பது டாலர் கொடுத்து அதனை வாங்கினான். "இது 1979-இல் செய்த வண்டி. மலை மிதிவண்டிகளுள் முதன் முதலாகத் தோன்றிய சிலவற்றுள் ஒன்று" என்று அம்மாணவர் சொன்னாராம். அன்று தொட்டு முப்பது ஆண்டுகளாகத் தம்பியும் அவ்வாறே சொல்லி வந்தான். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதலில் கார்க் கொட்டகைக்கு அழைத்துச் செல்வான். காப்பி அதற்குப் பிறகுதான். நானும் அக்கதையைப் பல முறை கேட்டு மகிழ்ந்தவனே.

2023-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நான் அங்கே தங்கியிருந்தேன். தம்பி மகளுக்குப் பதினான்கு வயது. அவள் பள்ளியில் ஒரு கண்காட்சி நடைபெற இருந்தது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொண்டு சென்று, அதன் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டையோடு வைத்தல் வேண்டும். அவள் வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். அட்டையில் "1979" என்று பென்சிலால் எழுதினாள். எழுதியவள் மையால் அதன்மேல் எழுதாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியப்பா, அப்பா சொன்னது தவிர இதற்கு வேறு சான்று ஒன்றும் இல்லையே?" என்றாள்.

"அப்பாவுக்கு வேறொருவர் சொன்னது" என்றேன் நான்.

1979 என்பது அந்த வண்டிக்குச் சிறிய ஆண்டன்று. விரிகுடாவின் வடமேற்கே, மரின் மாவட்டத்தில், தமால்பைஸ் என்னும் மலை இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 2,570 அடி. 1970-களில் அவ்வட்டாரத்து இளைஞர் சிலர், 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட கனத்த பழைய மிதிவண்டிகளைத் தேடிப் பிடித்து, மலைப்பாதைகளில் மேலிருந்து கீழே ஓட்டி விளையாடினர். ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரருகே ஒரு பாதை உண்டு; இரண்டு மைல் தொலைவுக்குள் 1,300 அடி இறங்குவது. அவ்வண்டிகளுக்கு, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. ஒரு முறை இறங்கி வருவதற்குள் பின்சக்கரக் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மீண்டும் புதிதாகக் கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி உதவாது. அதனால் அப்பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மீண்டும் அடை' என்றே பெயராயிற்று. 1976 அக்டோபர் 21-இல் அங்கே முதற் பந்தயம் நடந்தது.

பழைய வண்டிகள் முறிந்துகொண்டே இருந்தமையால், அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைத் தம் கையால் செய்தார். அவ்வண்டி பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி செய்து கொடுத்த சட்டங்களைக் கொண்டு வண்டி விற்கும் சிறு வாணிகம் ஒன்றைத் தொடங்கினர். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்த பின்னரே, இவ்வகை வண்டி கடைகளில் எளிதிற் கிடைக்கும் பொருளாயிற்று. ஆகவே 1979-ஆம் ஆண்டு மலை மிதிவண்டி என்றால், கையால் செய்யப்பட்ட அரும்பொருள் என்றே பொருள். நாற்பது டாலருக்கு அது கைம்மாறியிருக்குமா என்னும் ஐயம் எனக்கு அன்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, தம்பியின் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது.

நாங்கள் இருவரும் வண்டியைக் கொக்கியிலிருந்து இறக்கித் தலைகீழாக நிறுத்தினோம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தோம். சட்டத்தின் அடியில், கிராங்கு அச்சு புகும் இடத்தில், எண்கள் சில வெட்டப்பட்டிருந்தன. அவ்வெண்களை எழுதும் முறை செய்வோருக்குச் செய்வோர் வேறுபடும். செய்தவர் பெயரே தெரியாதபோது எண்கள் ஊமைகளே. அதனை விட்டு உறுப்புகளை நோக்கினோம்.

பின்புறத்துக் கியர் மாற்றியின்மேல் 'ஷிமானோ டியோர் எக்ஸ்டி' என்ற பெயர் தெரிந்தது. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ மலை மிதிவண்டிக்கென்று அவ்வுறுப்பு வரிசையை வெளியிட்டது 1982-இல். கைப்பிடியிலிருந்த நெம்புகோல்களிலோ 'எஸ்.ஐ.எஸ்.' என்ற எழுத்துகள் இருந்தன. நெம்புகோலைத் தள்ளியதும் 'டக்' என்ற ஒலியோடு சங்கிலி அடுத்த பல்சக்கரத்தில் தானே சரியாக அமரும் முறைக்கு அது பெயர். அம்முறை 1984-இல் முதலில் பந்தய வண்டிகளுக்கு வந்தது. மலை வண்டிகளுக்குப் பின்னரே வந்தது. அன்றியும், பின் பிரேக் சட்டத்தின் அடிப்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் வழங்கி மறைந்த புதுமை அது. சேறு முழுவதும் அங்கேதான் வந்து சேரும் என்பதை ஒரு மழைக்காலம் ஓட்டியவர் எவரும் அறிவார். இருந்தும் பல நிறுவனங்கள் அதைச் செய்தன.

பிறகு அவள் கிராங்கின் உட்புறத்தில் இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளைக் கண்டாள்: 'எம்', 'சி'. இவ்வெழுத்துகளின் பொருளைப் பழைய வண்டி சேர்ப்போர் நன்கு அறிவர். ஷிமானோ தன் உறுப்புகளின் மறைவான பக்கத்தில் அவை செய்யப்பட்ட காலத்தைப் பொறித்து வந்தது. முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும். 1976-க்கு 'ஏ', 1977-க்கு 'பி' என்று அது வளரும். இரண்டாம் எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஜனவரிக்கு 'ஏ', டிசம்பருக்கு 'எல்'. அவள் விரல் விட்டு எண்ணினாள். 'எம்' பதின்மூன்றாம் எழுத்து, ஆகவே 1988. 'சி' மார்ச். கியர் மாற்றியின் பின்னே 'எம்', 'ஈ'; அது 1988 மே. முன்சக்கரக் குடத்தில் 'எம்', 'பி'. அது 1988 பிப்ரவரி.

ஆங்கில எழுத்துகள் இருபத்தாறே அல்லவா? 2001-இல் அவை முடிந்து, 2002-இல் மீண்டும் 'ஏ' வந்தது. நம் நாட்டு அறுபது ஆண்டுச் சுழற்சியைப் போன்றதே இது. பிரபவ ஆண்டு என்று மட்டும் ஓர் ஓலையில் இருந்தால், அது 1927-ஆ, 1987-ஆ என்பதை வேறு சான்றைக் கொண்டே துணிய வேண்டும். கோப்பரகேசரி என்ற பட்டத்தை மட்டும் தாங்கிய கல்வெட்டு எந்தச் சோழனுடையது என்று ஆராய்வோரும் இவ்வாறே எழுத்தின் வடிவையும் பிற செய்திகளையும் துணைக்கு அழைப்பர். இதனை அவளுக்கு எடுத்துரைத்தேன். "அப்படியானால் 'எம்' 2014-ஆகவும் இருக்கலாம். ஆனால் அப்பா 1992-லேயே வாங்கிவிட்டார், ஆகையால் 1988-தான்" என்று அவளே முடித்தாள்.

உறுப்பு செய்யப்பட்ட மாதமும் வண்டி பிறந்த மாதமும் ஒன்றல்ல. உறுப்புகள் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி, வேறோர் ஆலையில் சட்டத்தோடு சேர வேண்டும். அடுத்த ஆண்டின் வண்டிகளை முந்திய இலையுதிர் காலத்திலேயே வெளியிடுவதும் அவ்வாணிகத்தின் வழக்கம். எனவே 1988-இன் இறுதியில் வந்த, 1989-ஆம் ஆண்டுக்குரிய வண்டியாக அது இருக்கலாம் என்று கணித்தோம். மூன்று உறுப்புகள் மூன்று மாத இடைவெளிக்குள் அடங்கியதே எங்களுக்குப் பெரிய துணிவைத் தந்தது.

மாலையில் தம்பி வந்தான். மகள் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. "இத்தனை ஆண்டு ஓட்டியவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்றான். அவள் கண் கலங்கிற்று. ஆயினும் துணியை விடாமல், இன்னும் பார்க்காதிருந்த பின்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் குடத்தில் இருந்த எழுத்துகள் 'ஆர்', 'எச்'. எண்ணிப் பார்த்தாள், 1993 ஆகஸ்டு என்று வந்தது. அவள் குரல் தாழ்ந்துவிட்டது. அவளுக்கே தன் கணக்கில் நம்பிக்கை போயிற்று.

தம்பியோ வெற்றி பெற்றவன் போல் நிமிர்ந்தான். "பார்த்தாயா! 1992-இல் நான் வாங்கிய வண்டியில் 1993-இல் செய்த உறுப்பு எப்படி வரும்? இதில் ஓர் ஆணிகூட நான் மாற்றியதில்லை. உன் எழுத்துக் கணக்கே..." என்றவன் அப்படியே நின்றுவிட்டான். வண்டியின் அருகே சென்று, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினான். முன்சக்கரத்தின் விளிம்பு கறுப்பு. பின்சக்கரத்தின் விளிம்பு வெள்ளி நிறம். முப்பது ஆண்டுகளாக எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்த வேறுபாடு அது. ஒருவரும் அதைக் கண்டதில்லை.

"மாற்றினேன், அண்ணா" என்றான் என்னைப் பார்த்து.

1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழை நாளொன்றில், மலைப்பாதையில் பாறையொன்றில் மோதி அவன் விழுந்தான். பின்சக்கரம் எட்டுப் போல் வளைந்துவிட்டது. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஐந்து மைல் நடந்து அறைக்கு வந்தான். வகுப்புக்குச் செல்ல அவ்வண்டியன்றி அவனுக்கு வேறு வழியில்லை. பேருந்துக்கு நாள்தோறும் கொடுக்கக் காசில்லை. பல்கலைக்கழக விடுதியின் சமையற்கூடத்தில் இரவுதோறும் பாத்திரம் கழுவினான். ஐந்து வாரம் கழுவிய பின், கடையில் விலை குறைத்து வைத்திருந்த சக்கரம் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். அந்த ஐந்து வாரமும் நடந்தே வகுப்புக்குச் சென்றான்.

அவ்வாண்டில் அவன் எழுதிய கடிதங்கள் எனக்கு நினைவிருந்தன. "இங்கே ஒரு குறையும் இல்லை" என்பது அவை ஒவ்வொன்றின் முதல் வரி. தங்கையின் திருமணத்துக்காக நான் கடன் வாங்கியிருந்த காலம் அது. அவன் ஒரு சொல் எழுதியிருந்தால் எப்படியாவது அனுப்பியிருப்பேன். அதை அறிந்தே அவன் எழுதவில்லை.

"ஏனடா சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் விடை சொல்லாமல் சக்கரத்தை மறுபடியும் சுழற்றினான். "எவ்வளவு கொடுத்தாய் இதற்கு?" என்றேன். "அறுபது டாலர்" என்றான். வண்டிக்குக் கொடுத்தது நாற்பது.

மகள் அட்டையை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்த ஆண்டை அழித்தாள். பின் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையசைத்தான். "வண்டி: 1988 இறுதி அல்லது 1989" என்று மையால் எழுதினாள். அதன்கீழ், "பின்சக்கரம்: 1994-இல் மாற்றப்பட்டது" என்று அவனே சொல்ல எழுதிக்கொண்டாள்.

டயர்கள் இரண்டும் காய்ந்து வெடித்திருந்தன. அவற்றோடு வண்டியைப் பள்ளி வரை உருட்டிச் செல்லவும் இயலாது. மறுநாள் தம்பி கடைக்குச் சென்று இருபத்தாறு அங்குல டயர்கள் இரண்டு வாங்கி வந்தான். அவற்றை மாட்டிக் காற்றடித்து முடித்ததும், மகள் அட்டையில் மூன்றாவது வரி ஒன்றைச் சேர்த்தாள்: "டயர்கள்: 2023".