சின்னப்பம்பட்டி: கடைசி ஓவருக்கு ஆள் தந்த ஊர்!

சேலம் இரும்பாலையைத் தாண்டி மேற்கே போனால், கஞ்சமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். அது பின்னால் போன பிறகு கண்ணுக்கு எட்டிய வரை சமவெளிதான். குச்சிக்கிழங்குக் காடு, சோளக் காடு, வரப்பில் தென்னை, நடுநடுவே ஓட்டு வீடுகள். வண்டியை ஓரமாக நிறுத்திக் காது கொடுத்தால், அந்த வீடுகளுக்குள் இருந்து 'தடக்... தடக்...' என்று ஒரு சத்தம் கேட்கும். விசைத்தறி! பகலும் ராத்திரியும் ஓடும் சத்தம். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் தாலாட்டு.

இந்தச் சேலம் - நாமக்கல் பக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வோர் ஊரும் ஒரு வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இளம்பிள்ளை என்றால் சேலை. திருச்செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. சங்ககிரி என்றால் லாரி. நாமக்கல் என்றால் முட்டையும், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையும்.

சின்னப்பம்பட்டி என்றால்?

2020 வரை இந்தக் கேள்விக்கு வெளியூர்க்காரர்கள் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று கிரிக்கெட் பார்க்கும் சின்னப் பையனும் சொல்வான்... 'யார்க்கர்!'

தூணுக்குப் பின்னால் ராமர்

சின்னப்பம்பட்டிக்குப் போகும் வழியில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் அரை மணி நேரமாவது இறங்க வேண்டும். கெட்டி முதலிகள் காலத்துக் கல் வேலை. யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் வெளியே வருவதில்லை. ஆனால், ஊர்க்காரர்கள் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது வாலி வதம் செதுக்கிய தூண்களைத்தான். ராமர் நிற்கும் தூணில் இருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி நிற்கும் தூணில் இருந்து பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். அம்பு எப்படிப் பட்டது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். ஆள் நின்ற இடம் அப்படி!

எங்கே நிற்பது என்பது விளையாட்டிலும் பெரிய சமாச்சாரம்தான். கபடியில் கார்னர் பிடிக்கிற பையனைக் கொண்டுபோய் கவரில் நிறுத்தினால், நல்ல ஆட்டக்காரனே தடுமாறிப் போவான். அணிக்குப் புதிதாக வருகிறவனை எங்கே நிறுத்துவது என்பது கேப்டனுக்கு எப்போதும் தலைவலிதான். அந்தத் தலைவலிக்குச் சரியான மருந்து கிடைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் சின்னப்பம்பட்டி நடராஜனின் கதை.

டென்னிஸ் பந்து தந்த பாடம்

1991-ல் பிறந்த தங்கராசு நடராஜன், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா விசைத்தறியில் தினக்கூலி. அம்மா சாலையோரத்தில் சின்னதாகக் கடை போட்டிருந்தார். தோல் பந்து, பேடு, ஸ்பைக் ஷூ எல்லாம் அந்த வீட்டு வரவுசெலவில் நினைத்தே பார்க்க முடியாத பொருள்கள். ஆகவே, 20 வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான்.

அதை லேசாக நினைத்துவிடக் கூடாது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளில் பௌலருக்குச் சாதகமாக எதுவுமே இருக்காது. பவுண்டரி கிட்டத்தில் இருக்கும். பந்து சுமார் 58 கிராம்தான். கொஞ்சம் உயரமாக எழும்பினால் ஆள் தூக்கி அடித்துவிடுவான். தப்பிக்க ஒரே வழி, மட்டைக்கு அடியில், காலடியில் பந்தைச் சொருகுவது. அதுதான் யார்க்கர். 22 கெஜத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சாண் இடத்தைக் குறி பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் முன்னே விழுந்தால் அடிக்க வாகான பந்து. கொஞ்சம் பின்னே போனால் ஃபுல் டாஸ். இரண்டுமே சிக்ஸர்தான்!

அந்த ஒரு சாண் இடத்தை நடராஜன் பழகிப் பழகித் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

அதைக் கண்டுபிடித்தவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். 'இந்தக் கை சென்னைக்குப் போக வேண்டிய கை' என்று அழைத்துப்போய் லீக் கிரிக்கெட்டில் சேர்த்துவிட்டார். 2010-11 சீசனில் நான்காவது டிவிஷன். பிறகு விஜய் கிளப், அங்கிருந்து முதல் டிவிஷனின் ஜாலி ரோவர்ஸ். 58 கிராம் பந்து பழகிய கைக்கு, 160 கிராமைத் தொடும் தோல் பந்து புது உலகம். பின்னாளில் நடராஜன் தன் ஜெர்ஸியில் போட்டுக்கொண்ட பெயர் 'ஜேபி நட்டு'. அதில் ஜேபி, அந்த ஜெயப்பிரகாஷ்தான்.

2015 ஜனவரியில், கொல்கத்தா ஈடன் கார்டனில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம். சந்தோஷம் நிலைக்கவில்லை. 'பந்தை எறிகிறார்' என்று புகார் எழுந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. தெருவில் தானாகக் கற்றுக்கொண்ட வீச்சைப் பிரித்துப் போட்டு, முதலில் இருந்து கட்ட வேண்டியதாயிற்று. தறிக்காரர்களுக்கு இது புரியும். ஓடுகிற பாவில் இழை அறுந்தால் நிறுத்தி, ஒவ்வொன்றாக முடி போட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

3 கோடி... பிறகு பெஞ்ச்!

2016-ல் டிஎன்பிஎல் தொடங்கியபோது, திருத்திய வீச்சோடு திண்டுக்கல் அணிக்கு வந்தார். சூப்பர் ஓவரில் அவர் போட்ட யார்க்கர்களை நாடு பார்த்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை, பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஊரே கொண்டாடியது.

ஆனால், 6 ஆட்டங்களில் கிடைத்தது 2 விக்கெட். அடுத்த ஏலத்தில் விலை 40 லட்சமாக இறங்கியது. இந்த முறை ஹைதராபாத். அங்கே 2018, 2019 என இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. முத்தையா முரளிதரன் அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளர். தமிழில் பேச ஆள் இருந்தது. ஆட இடம் இல்லை!

ஏன் இல்லை? இருபது ஓவர் ஆட்டத்தில் பௌலர்களுக்கு மூன்று வகை வேலை. முதல் 6 ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள். புதுப் பந்தை ஸ்விங் செய்கிறவருக்கான நேரம் அது. 7 முதல் 15 வரை ரன்னைக் கட்டிப்போடுகிறவர் வேண்டும். பெரும்பாலும் சுழற்பந்து. கடைசி 5 ஓவரில் ஆள் ஒவ்வொரு பந்தையும் தூக்கி அடிக்கத்தான் நிற்பான். அங்கே தேவை, நெஞ்சுரமும் யார்க்கரும். ஹைதராபாத்தில் முதலுக்கும் கடைசிக்கும் புவனேஷ்வர் குமார் இருந்தார். நடுவில் ரஷித் கான். நடராஜனிடம் திறமை இருந்தது. அதை வைக்க அணியில் காலி இடம்தான் இல்லை.

2020-ல் அந்த இடம் திறந்தது. சீசன் ஆரம்பத்திலேயே புவனேஷ்வர் காயத்தால் விலகினார். புதுப் பந்து சந்தீப் சர்மா கைக்குப் போக, கடைசி ஓவர்கள் சின்னப்பம்பட்டிக்காரர் பக்கம் வந்தன. 16 ஆட்டம், 16 விக்கெட். நவம்பர் 6 அன்று அபுதாபியில், அரை சதம் கடந்து நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்ப்பை ஒரு யார்க்கர் பெயர்த்தது. உலகத்தில் எந்தப் பந்தையும் எந்தப் பக்கமும் அடிக்கக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அவரிடமே அந்தப் பந்துக்குப் பதில் இல்லை.

வலையில் இருந்து மைதானத்துக்கு

அந்த ஓவர்கள்தான் அவரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பின. அதுவும் எப்படி? வலைப்பயிற்சியில் பந்து போட்டுக்கொடுக்கும் 'நெட் பௌலர்' ஆக! வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் பெயர் சேர்ந்தது.

டிசம்பர் 2, கான்பெரா. முதல் இரண்டு ஒருநாள் ஆட்டங்களையும் இந்தியா தோற்றிருந்தது. மூன்றாவதில் நடராஜனுக்கு வாய்ப்பு. கடைசி ஓவர் ஆளின் கையில் தரப்பட்டது புதுப் பந்து. தொடக்க ஆட்டக்காரராக வந்த லபுஷேன் போல்டு! இரண்டு நாள் கழித்து முதல் டி20-யில் 3 விக்கெட். மூன்று டி20-யில் மொத்தம் 6. தொடரை வென்றதும் கோப்பையை வாங்கிய விராட் கோலி, அதை நடராஜன் கையில் கொடுத்தார்.

டெஸ்ட் தொடருக்கும் அவரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். ஷமி, உமேஷ், பும்ரா, அஸ்வின், ஜடேஜா என்று ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்தார்கள். 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன். சிராஜ், சைனி, ஷர்துல், வாஷிங்டன் சுந்தர், நடராஜன். இந்த ஐந்து பேரும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்த டெஸ்ட் ஆட்டங்கள் வெறும் 4! 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானம் அது.

இடக்கை வேகத்துக்கு டெஸ்டில் தனி மவுசு உண்டு. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வேறு கோணத்தில் குறுக்கே போகும். போட்டு முடித்து ஓடும்போது அவர் கால் பதிந்து தரை கரடாகும் இடம், எதிர்முனையில் இருந்து போடும் ஆஃப் ஸ்பின்னருக்கு உதவும். அந்த ஆட்டத்தில் நடராஜனின் முதல் இரண்டு விக்கெட் வேடும் லபுஷேனும். இரண்டுமே யார்க்கர் இல்லை! எழும்பி வந்த பந்தை 'புல்' அடிக்கப் போய்த் தூக்கிக் கொடுத்தவை. 'இவனுக்கு ஒரே ஒரு பந்துதான் தெரியும்' என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல பதில். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரர். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். ஜனவரி 19 அன்று இந்தியா ஜெயித்தது.

இரண்டு நாளில் ஊர் திரும்பினார். நவம்பரில் பிறந்த மகளை அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. அந்தத் தகப்பனை, குதிரை பூட்டிய சாரட் வண்டியில் ஏற்றி, மேளதாளத்தோடு சின்னப்பம்பட்டித் தெருவில் கூட்டிப் போனார்கள்.

ஊருக்கு ஒரு மைதானம்

கதை அங்கே முடிந்திருந்தால் சினிமா. வாழ்க்கை அப்படி விடுவதில்லை. 2021 மார்ச்சில் புனேவில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவர். தேவை 14 ரன். எதிரே 90-களில் நின்று விளாசிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் கொடுத்தது 6 ரன்தான். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதுவரை இந்தியாவுக்காக ஆடியது 7 ஆட்டங்கள். 2024 ஐபிஎல்-லில் 19 விக்கெட் எடுத்தார். அடுத்த சீசனுக்கு டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது. ஆனால், ஆட வைத்தது இரண்டே ஆட்டங்கள். விலை எவ்வளவு ஏறினாலும், 'இவரை எங்கே நிறுத்துவது?' என்ற கேள்வி விடுவதே இல்லை.

அதனால்தானோ என்னவோ, அவர் ஊரில் செய்த வேலை பெரிதாகத் தெரிகிறது. தன் நிலத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தையே போட்டுவிட்டார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அதற்கு முன்பே, அவர் வழிகாட்டலில் வளர்ந்த அதே ஊர் பெரியசாமி, 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்துச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். சேலத்துக்குக் கிழக்கே வாழப்பாடியில் 2020-ல் திறந்த கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. தோல் பந்தைத் தொட 20 வயது வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இனி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. யார்க்கரோடு ஸ்விங்கும் பவுன்சரும் சின்ன வயதிலேயே பழகலாம். முதல் ஓவரா, நடு ஓவரா, கடைசி ஓவரா... எங்கே காலி இருந்தாலும் போய் நிற்கலாம்.

போகிறவர்களுக்கு...

காலையில் சேலத்தில் புறப்பட்டால் தாரமங்கலம் கோயில், சின்னப்பம்பட்டி, எடப்பாடி வழியாக மதியத்துக்குள் சங்ககிரி வந்துவிடலாம். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட மலைக்கோட்டை அது. ஏற வெயில் தாழ்ந்த நேரம் நல்லது. அங்கிருந்து திருச்செங்கோடு மலையைப் பார்த்துக்கொண்டே நாமக்கல் போய், 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுத் திரும்பலாம்.

சின்னப்பம்பட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கோபுரமோ அருவியோ இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு போங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் இறுக்கமானதும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சுற்றிப் பார்ப்பான். 'டேய், கடைசி ஓவர் யாருடா?'

வேறு ஊரில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். இங்கே நான்கைந்து கைகள் உயரும்!