அரிக்கமேட்டில் இறங்கிய டீ!

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஜப்பானில் வேலை பார்க்கும் மச்சினன் ஆசையாகக் கொடுத்த 'சென்ச்சா' பச்சைத் தேயிலையை, முதல் நாள் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தவன் அடியேன்தான். இஞ்சி வேறு தட்டிப் போட்டேன்!

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்ப்பா, கீரைக்கு உப்பு போட மறந்துட்டியா?" என்றார்.

சிரிக்கிற நிலைமை இல்லை. அப்பாவுக்கு உடம்பில் சர்க்கரை. அரியாங்குப்பம் மெயின் ரோட்டுக் கடையில் தினம் நாலு டீ, நாலிலும் சர்க்கரை தூக்கல். டாக்டர் கண்டித்தும் கேட்கவில்லை. சர்க்கரை போடாமல் குடிக்க ஒரு டீ வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

மச்சினனுக்கு போன் போட்டேன். "ஐயய்யோ மாமா! பால் மட்டுமில்ல, கொதிக்கிற தண்ணியே ஆகாது!" என்று அலறினான்.

விஷயம் இதுதான். நம்ம டீ இலையைக் காற்றுபட வைத்துக் கறுக்க விடுகிறார்கள். ஜப்பான்காரர்கள் பறித்த கையோடு ஆவி காட்டிப் பச்சையாகவே நிறுத்தி விடுகிறார்கள். கொதிநீர் பட்டால் கசப்பு முந்திக்கொள்ளும். 70, 80 டிகிரி என்றால் தித்திப்பு எட்டிப் பார்க்கும்.

டிகிரிக்கு எங்கே போவது? வீட்டில் ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர்தான் உண்டு. "ஒரு பாத்திரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினா சுமார் 10 டிகிரி இறங்கும் மாமா. அதுக்குன்னே இங்க தனி ஜாடி இருக்கு" என்றான். டபரா டம்ளரில் ஆற்றுகிற ஊர்க்காரனிடமா இந்தக் கதை!

மறுநாள் சாயங்காலம் ஃப்ளாஸ்க், வடிகட்டி, டபரா செட் சகிதம் அப்பாவை அரிக்கமேட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது ஜாடித் துண்டுகள் கிடைத்த இடம். ரெண்டாயிரம் வருஷம் முன்பே ஃபாரின் சரக்கு இறங்கிய ஊருக்கு ஜப்பான் டீ என்ன பிரமாதம்?

ரெண்டு பேருக்கு ரெண்டு ஸ்பூன் இலை. ரெண்டு தடவை ஆற்றிய வெந்நீர். ஒரு நிமிஷம். கடைசிச் சொட்டு வரை வடித்தேன். தண்ணீர் தங்கினால் அடுத்த தடவை கசக்கும். அதே இலையில் இரண்டாம் ரவுண்டுக்குப் பதினைந்து, இருபது விநாடியே போதும்.

அப்பா உறிஞ்சினார். முகம் சுளித்தார். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார். "முதல்ல புல்லு மாதிரி இருந்துச்சு. இப்ப தொண்டையில லேசாத் தித்திக்குதுடா."

இந்த டீ சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், அவ்வளவுதான். இப்போது வீட்டில் ரெண்டு, கடையில் ரெண்டு. பாதி ஜெயித்திருக்கிறேன்.

"அந்த ரெண்டையும் விட்டுடேன்ப்பா" என்றேன்.

"கடைக்கு நான் டீ குடிக்கவாடா போறேன்?" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே.