தரங்கம்பாடியில் இரண்டு கரை

முகையூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கரை என்றால் ஏரிக்கரை. விட்டால் தென்பெண்ணை ஆற்றங்கரை. கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். விழுப்புரம், சிதம்பரம், சீர்காழி என்று மாறி மாறிப் போனால் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

ஏரி, ஆறு, கடல் மூன்றுக்கும் நமக்கு ஒரே 'கரை' போதும். டேனிஷ் மொழியில் ஆற்றோரம், ஏரியோரம் 'பிரெத்'; கடலோர மணல் 'ஸ்ட்ராண்ட்'. அதையே 'ஸ்ட்ராண்டே' என்று வினையாக்கினால் கப்பல் மணலில் சிக்கிக்கொள்வது! ஆங்கிலத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவரை 'ஸ்ட்ராண்டட்' என்பதும் இதே குடும்பம்தான். நம் வீடுகளில் நேர்மாறு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் 'கரை சேர்த்துட்டோம்' என்கிறோம். கப்பல் சிக்கினால்கூட 'தரை தட்டியது' என்போமே தவிர, கரைமேல் பழி போடுவதில்லை.

கோட்டை வாசலில் நின்று அலையைப் பார்த்தால் காரணம் பிடிபடும். அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போடும். சரக்கும் ஆளும் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலை தாண்டி வர வேண்டும். கப்பல்காரனுக்குக் கரை எமன். கட்டுமரக்காரருக்கு வீட்டு வாசல். டேனிஷ்காரர்களின் கதையே அப்படித்தான் தொடங்கியது. முன்னால் வந்த கப்பல் போர்த்துகீசியரிடம் சிக்கி அழிய, ரோலண்ட் க்ராப்பேயும் சிலரும் தப்பிக் கரையேறித்தான் நாயக்கரிடம் போனார்கள்.

1706-ல் டேனிஷ் மன்னர் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். சில வருஷத்தில் தமிழில் புத்தகமே அச்சிட்டார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இது.

கரையை நம்பியவர்களுக்கும் ஒரு நாள் வந்தது. 2004 டிசம்பர் 26. இந்தக் கடலோரம் நெடுக, ஆழ்கடலில் இருந்த படகுகள் பல தப்பின. கரையில் இருந்த குடும்பங்கள் போயின. தரங்கம்பாடியிலும் வீட்டுக்கு வீடு அந்தக் கணக்கு இருக்கிறது. பேசுகிறவர் தானாகச் சொன்னால் ஒழிய, நாம் கிளறக் கூடாது.

கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். சற்று நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 700 வருஷத்தில் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கருங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அந்தக் கல்மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.