குனிந்து பாருங்கள்: நாமக்கல் டயர் கடையில் ஒரு காலை

நாமக்கல்லில் இறங்கிச் சேலம் சாலையில் நடந்தால் டீக்கடைக்கு இணையாக டயர் கடைகள் கண்ணில் படும். லாரியால் வளர்ந்த ஊர். பாடி கட்டும் பட்டறை, தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் கூடம், உதிரிபாகக் கடை என்று வரிசையாக இருக்கின்றன. கார் டயரைப் பற்றி எழுத லாரி ஊருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. டயரை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க விரும்பினேன்.

நான் போன கடையில் ஒரு பக்கம் லாரிக்கு, இன்னொரு பக்கம் காருக்கு. உள்ளே எல்ஜி கம்ப்ரஸர் தடதடத்துக்கொண்டிருந்தது. உரிமையாளருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பையனாக இருந்தபோதே இந்தத் தொழிலுக்கு வந்தவர். "உக்காருங்க சார், டீ வரட்டும்" என்றார். டீ வருவதற்குள்ளேயே பார்க்க வேண்டியது தொடங்கிவிட்டது.

எதிரே நின்ற லாரியின் டிரைவர் கையில் ஓர் இரும்புக் கம்பியோடு இறங்கினார். சக்கரத்துக்குச் சக்கரம் நின்று ஓர் அடி. பின்னால் இரட்டை டயர்கள் ஜோடியாக இருக்கும் இடங்களில் கம்பியை உள்ளே நுழைத்து, உள் டயரையும் தட்டினார். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று அடி திரும்பி வருகிறது. குறைந்திருந்தால் 'தொப்' என்று சத்தம் அமுங்கிப்போகிறது. இரண்டு டயருக்கும் நடுவில் சிக்கியிருந்த கல் ஒன்றை நெம்பி எடுத்துப் போட்டார். அந்தக் கல் அப்படியே இருந்திருந்தால் ஓட ஓட இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அறுத்திருக்கும். ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

"டீசலுக்கு அடுத்தபடி செலவு டயருக்குத்தானுங்க. அதனால லாரிக்காரங்க எங்க நிறுத்துனாலும் குனிஞ்சு பாத்துருவாங்க" என்றார் கடைக்காரர். "கார்க்காரங்க குனியறதே இல்லீங்க. கண்ணாடி தொடைப்பாங்க, ஏசி சரியா வருதான்னு பாப்பாங்க. ரோட்டுல ஒட்டிக்கிட்டு ஓடறது டயர் மட்டுந்தான். அதை யாரும் பாக்கறதில்ல."

அவர் சொன்னதை மெய்ப்பிப்பதுபோல் அடுத்து வந்தது ஒரு கார். ஓசூரிலிருந்து மதுரைக்குப் போகிற குடும்பம். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். பின்னால் இடது பக்கம் வண்டி ஒரு மாதிரி ஆடுகிறது என்றார் ஓட்டிவந்தவர்.

கடைப் பையன் காற்றை அளக்கும் கேஜை வைத்தான். 17 பாயின்ட் (பி.எஸ்.ஐ.) காட்டியது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத் தூணின் கீழே ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று வண்டி செய்த நிறுவனமே அதில் எழுதியிருக்கும். இந்த வண்டிக்கு 33. முழுச் சுமை ஏற்றினால் பின் சக்கரங்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் போட்டிருந்தது. பல வண்டிகளில் இப்படி இரண்டு அளவு உண்டு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி, தேவையில் பாதிக் காற்றோடு நான்குவழிச் சாலையில் ஓடிவந்திருக்கிறது.

"கிளம்பறப்ப பாத்தனே, நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அவர்.

"கண்ணால பாத்தீங்களா, கேஜ் வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ரேடியல் டயர் காற்று சரியாக இருக்கும்போதே அடியில் கொஞ்சம் புடைத்துத்தான் நிற்கும். 33 இருக்கும் டயரையும் 25 இருக்கும் டயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆணி குத்தாவிட்டாலும் ரப்பர் வழியாகவே மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயின்ட் இறங்கிக்கொண்டிருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

டயரைக் கழற்றினார்கள். ஓடும் பரப்பில் ஒரு சிறிய திருகாணி ஏறியிருந்தது. ரப்பர் திரி போட்டு அடைத்துவிடக்கூடிய சாதாரணப் பஞ்சர்தான். ஆனால் கடைக்காரர் திரியை எடுக்கவில்லை. ரிம்மிலிருந்து டயரைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கைவிட்டு வழித்து என்னிடம் நீட்டினார். உள்ளங்கை நிறையக் கருப்புப் பொடி. டயரின் உட்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் விழுந்திருந்தது. அந்த வளையத்தில் மட்டும் ரப்பர் உரிந்து, தொட்டால் சொரசொரவென்றிருந்தது. ஓரிடத்தில் உள்ளிருக்கும் நூலிழை வெளியே தெரிந்தது. வெளிப்பக்கம் திருப்பினால் ஒன்றும் தெரியவில்லை. புது டயர் மாதிரியே பளபளப்பு.

நடந்தது இதுதான். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. கட்டுக் கம்பியை விரலில் பிடித்து மாற்றி மாற்றி மடக்கினால் சூடேறி ஒடிகிறதே, அதே கதை. 185/65 ஆர் 15 என்ற அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டரில் போனால் நிமிடத்துக்கு 850 தடவைக்கு மேல் சுழலும். அத்தனை தடவையும் பக்கச் சுவர் மடங்குகிறது. அந்தச் சூட்டில் ரப்பர் இழையைவிட்டுப் பிரிகிறது, கடைசியில் வெடிக்கிறது. வெயில் காலத்தில் டயர் வெடித்தால் காற்று அதிகமானதுதான் காரணம் என்று பலர் நினைத்து, அளவைவிடக் குறைத்து ஓட்டுகிறார்கள். நேர் எதிரான வைத்தியம் இது. பெரும்பாலான வெடிப்புக்குத் தொடக்கம் காற்றுக் குறைவும் அதனால் ஏறும் சூடும்தான்.

"இதை ஒட்டித் தர மாட்டனுங்க. நீங்க திட்டுனாலும் பரவாயில்ல" என்று டயரை ஓரமாக உருட்டிவிட்டார். ஓடும் பரப்பில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையை அடைக்கலாம். அதிலும் டயரைக் கழற்றி உட்பக்கம் மஷ்ரூம் பேட்ச் வைப்பதே நீடித்து நிற்கும். பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் டயரை மாற்றுவதுதான் வழி. வெளியிலிருந்தே திரியைச் செருகி ஐந்து நிமிடத்தில் அனுப்புகிற கடைக்காரருக்கு அந்தக் கருப்புப் பொடி கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயர் என்றால், "கழட்டி உள்ள பாருங்க" என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகலாம் என்று டிக்கியைக் காலி செய்தார்கள். சாமான் எல்லாம் தரையில். அடியிலிருந்து வந்த ஸ்டெப்னி ரோட்டையே தொடாதது. பள்ளங்கள் முழு ஆழத்துக்கு இருந்தன. கடைக்காரர் பக்கச் சுவரில் ஒரு சிறு கட்டத்தைத் தேடிக் காட்டினார். 1815. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். 2015ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். விரலால் அழுத்திப் பிடித்தபோது மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காய்கிறது. ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும், பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும் என்பது டயர் நிறுவனங்களே சொல்லும் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஆறு வருடத்துக்கு மேல் நம்பாதீர்கள் என்பது கடைக்காரரின் கணக்கு. நான் அவர் பக்கம். புது டயர் வாங்கும்போதும் இந்த நாலு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பு வயதைச் சொல்லாது.

அந்தக் குடும்பம் இரண்டு டயர் வாங்கியது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால் இரண்டு. புதுசை முன்னால் போடச் சொன்னார் வண்டிக்காரர். இன்ஜினும் ஸ்டீயரிங்கும் முன்னால்தானே இருக்கின்றன என்பது அவர் வாதம். கடைக்காரர் தலையாட்டி மறுத்தார். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், வண்டி நிதானத்துக்கு வரும், கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. பின் சக்கரம் பிடிப்பை விட்டால் வண்டி அப்படியே சுற்றிவிடும், சாதாரண ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நல்ல ஜோடி எப்போதும் பின்னால். இதைப் பலரும் தலைகீழாகவே செய்கிறார்கள்.

வேலை நடக்கும்போது பின்பக்கம் குவிந்துகிடந்த பழைய கார் டயர்களைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். அவருக்கு அதில் தனி உற்சாகம். நடுவில் மட்டும் தேய்ந்த ஒன்று: காற்று கூடுதலாக ஓடியது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு பிழைத்த ஒன்று: காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் மழித்ததுபோல் மொட்டையாகி, உள்ளிருக்கும் கம்பி தெரிந்த ஒன்று: அலைன்மென்ட் பார்க்காதது. அந்த உள் ஓரம் வண்டியில் மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவைத்துவிட்டு எட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்றில் மேடும் குழியுமாகத் திட்டுத் திட்டான தேய்மானம்: ஷாக் அப்சார்பர் போயிருக்கிறது, அல்லது பேலன்சிங் இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், வேகம் ஏறும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் என்று அவர் பிரித்துச் சொன்னார். முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் நான்கும் சேர்ந்தே உழைக்கும்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது: காருக்கு 1.6 மில்லிமீட்டர். அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் அங்கங்கே சிறு மேடுகள் குறுக்கே இருக்கும். ஓடும் பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் மழைக்கு அது மிகவும் தாமதம். தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

நைட்ரஜன் போடலாமா என்று கேட்டேன். "போட்டா தப்பில்ல சார். ஆனா சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான? மாசத்துக்கு ரெண்டு தடவ கேஜ் வெச்சாப் போதும்" என்றார். நைட்ரஜனும் விற்கிற கடைக்காரர் இப்படிச் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

வீல் நட்டு மாட்டும்போது கையால் முழுக்கத் திருகிவிட்டு, ஒன்றைவிட்டு ஒன்றாக எதிரெதிரே முறுக்கினான் பையன். வரிசையாக முறுக்கினால் சக்கரம் சாய்ந்து உட்காரும். "நூறு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நட்டை ஒரு தடவ ஸ்பானர் வெச்சுப் பாத்துருங்ணா" என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினான்.

லாரி டிரைவர் டயரைத் தட்டிப் பார்த்ததுபோல, பானெட்டைத் திறந்து பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைதான். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளே படிந்து குழாயை அடைக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

பிரேக் ஆயிலைப் பற்றி மட்டும் கடைக்காரர் குரலை உயர்த்தினார். காரணம் பக்கத்திலேயே இருக்கிற கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே மலையிறங்கினால் சூட்டில் அது ஆவியாகி, பெடல் தரையோடு போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இறங்கும்போது கீழ் கியரில் இறங்க வேண்டும்.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் டிரைவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள். டயர் சூடாவதற்குள், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போய்க் காற்றைச் சரிபாருங்கள். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று திறந்துவிடாதீர்கள். பங்கில் காற்று இலவசம். அது அவர்கள் தந்தே ஆக வேண்டிய வசதி. நான்கு சக்கரமும் முடிந்ததும், சாமானை இறக்கி ஸ்டெப்னிக்கும் கேஜ் வைக்கச் சொல்லுங்கள்.