கண்ட்ரோல் ரூம் குறிப்புகள்

வாயு ஓட்டத்தை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் கம்பியில் 4 மில்லிஆம்பியர் ஓடினால் அளவு பூஜ்யம். 20 ஓடினால் முழு அளவு. தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் ஏற்பாடு. பூஜ்யத்தை 4-இல் வைத்ததில்தான் சூட்சுமம். கம்பி அறுந்தால் கரண்ட் அடியோடு நின்றுவிடும். வாயு ஓட்டம் நின்றதா, அதைச் சொல்லும் கம்பி செத்ததா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. துகள் இயற்பியல் சோதனைக்குக் கட்டுப்பாட்டு அமைப்பு வடிவமைக்க வரும் இளைஞர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். திரையில் என்ன நிறம், எந்த மென்பொருள் என்பதெல்லாம் அப்புறம்.

*

செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி துகள் முடுக்கி வளையத்திலும் இதே நினைப்புதான், இன்னும் கறாராக. துகள் கற்றை ஓடலாம் என்ற அனுமதி, வளையத்தைச் சுற்றி ஓயாமல் ஓடும் ஒரு சிக்னல். எங்காவது ஓரிடத்தில் அது அறுந்தால் அனுமதி ரத்து. கற்றை வெளியே திருப்பப்பட்டு கிராஃபைட் கட்டையில் போய் முட்டும். ஆபத்து என்று யாரும் கத்த வேண்டியதில்லை. ‘எல்லாம் நலம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர் சொல்வதை நிறுத்தினால் போதும்.

கற்றை ஒரு சுற்று சுற்றிவர 89 மைக்ரோவிநாடி. வடிவமைப்பின்படி அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் 362 மெகாஜூல். ஆள் பார்த்து பட்டன் அழுத்தும் காரியமில்லை. சாதாரணக் கணினி நிரலிடமும் இதை விட்டுவிடக் கூடாது. கணினிகள் முடங்கிக் கிடந்தாலும் ஹார்டுவேர் இன்டர்லாக் தன் வேலையைச் செய்தாக வேண்டும்.

*

2008. செப்டம்பர் 10 அன்று எல்ஹெச்சியில் முதல் கற்றை சுற்றியது. ஒன்பது நாள் கழித்து, கற்றை ஏதும் இல்லாமல், 3-4 என்று எண்ணிட்ட பகுதியின் காந்தங்களில் கரண்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 8.7 கிலோஆம்பியரில் இரண்டு காந்தங்களுக்கு நடுவே இருந்த ஓர் இணைப்பு சூடேறி, மீக்கடத்தும் தன்மையை இழந்தது. மின்வில் மூண்டு ஹீலியம் உறையைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் வீணானது. பல டன் எடையுள்ள காந்தங்கள் தரையில் பூட்டியிருந்த பிடிப்பைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்தன. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபடி கற்றை ஓடியது 2009 நவம்பரில்.

அதற்குப் பிறகு வந்த தகவல்தான் என்னை விடாமல் உறுத்துகிறது. விசாரணைக் குழு பழைய பதிவுகளைப் புரட்டியது. செப்டம்பர் 15 அன்று அதே பகுதியில் 7 கிலோஆம்பியர் ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கே, கெட்ட இணைப்பு இருந்த இடத்தில், வெப்பநிலை 40 மில்லிகெல்வின் வரை உயர்ந்திருந்தது. ஒரு டிகிரியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நம் வீட்டுச் சுவர் வெப்பமானியில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டோம். ஆனால் அங்கே இருப்பது 1.9 கெல்வினில் குளிர்ந்த மீப்பாய்ம ஹீலியம். வெப்பத்தை நொடியில் வாரிக்கொண்டு போய்விடும். அதையும் மீறி 40 ஏறியிருக்கிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று சுமார் 10 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. இணைப்பின் மின்தடை 200 நானோஓம் வாக்கில் இருந்திருக்க வேண்டும் என்று அதிலிருந்தே கணக்குப் போட முடிந்தது.

சென்சார் சரியாக அளந்தது. கணினி சரியாகச் சேமித்தது. கரண்ட் ஏறும்போது இந்த எண்ணும் சேர்ந்து ஏறுகிறதா என்று கேட்க மட்டும் எந்த நிரலும் இல்லை, எந்த ஆளும் இல்லை. நான்கு நாள் அது டேட்டாபேஸில் கிடந்தது. அங்கே இருந்தவர்களைக் குறை சொல்லும் எண்ணமில்லை. அப்படியொரு கேள்வி தேவைப்படும் என்று முன்கூட்டியே தோன்றுவது கடினம். பிறகு அவர்கள் செய்ததை மதிக்கிறேன். அதே வெப்பநிலை அளவீட்டை வைத்து மற்ற பகுதிகளிலும் கெட்ட இணைப்புகளைத் தேடினார்கள். இணைப்புகளைக் காவல் காக்கப் புதிய கருவிகள் வந்தன. முன்பு 1 வோல்ட் வந்தால்தான் அபாயம், புதிய ஏற்பாட்டில் 0.3 மில்லிவோல்ட்.

*

ஆணை போனது வேறு, காரியம் நடந்தது வேறு. 1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லும் ஆணை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. பார்த்தவர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. அதனால் டிடெக்டருக்கு நாம் வைக்கும் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் திரையில் இரண்டு கட்டம் வேண்டும்: கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு. இடம் போதவில்லை என்று இரண்டாவதை எடுக்கச் சொல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அதே விபத்தில் முதல் சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள். அச்சிடும் இயந்திரம் ஈடுகொடுக்க முடியாமல் மணிக்கணக்கில் பின்தங்கியது. நம் சோதனையிலும் கூலிங் பம்ப் ஒன்று நின்றால் அதன்கீழ் உள்ள நூறு மின்னணுப் பெட்டிகளும் சூடேறும், நூறும் கத்தும். ஷிஃப்டில் இருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது பம்ப் நின்றது. இரவு மூன்று மணிக்கு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர். அந்த பம்பை வடிவமைத்தவர் அல்ல. எது நடந்தது, என்ன செய்ய வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதை அலாரத்தின் கூடவே எழுதி வைக்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் அது அலாரம் அல்ல, வெறும் பதிவு. அந்தப் பதிவை மறுநாள் காலை ஒரு நிரலாவது மற்ற பதிவுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தாக வேண்டும்.

*

எல்ஹெச்சிக்கு முன் அதே சுரங்கத்தில் இருந்தது லெப் என்ற துகள் முடுக்கி. நிலவின் ஈர்ப்பால் நிலம் விம்மித் தணியும்போது, 27 கிலோமீட்டர் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறியது. கற்றையின் ஆற்றலும் மாறியது. காந்தங்களின் அளவீட்டிலும் பகலெல்லாம் இரைச்சல், நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் அமைதி. காரணம், ஜெனீவாவிலிருந்து கிளம்பும் டிஜிவி ரயில். தண்டவாளத்திலிருந்து கசிந்த கரண்ட் பூமி வழியாக வந்து கற்றைக் குழாயில் ஓடியிருக்கிறது. எதை அளக்க வேண்டும் என்ற பட்டியலில் ரயில் கால அட்டவணையை யார் சேர்த்திருப்பார்?

*

எல்ஹெச்சியில் சிலிக்கன் டிடெக்டர்களின் ஹை வோல்டேஜை, ‘ஸ்டேபிள் பீம்ஸ்’ என்று வளையத்துக்காரர்கள் அறிவித்த பிறகுதான் முழுதாக ஏற்றுவார்கள். டிடெக்டரின் கட்டுப்பாடு மரம்போல் கிளைத்திருக்கும். ஆணை மேலிருந்து கீழே இறங்கும். நிலை கீழிருந்து மேலே ஏறும். இந்த மர அமைப்பு சரியாக இருந்தால் ஒரே ஆள் முழு டிடெக்டரையும் நடத்தலாம்.

*

மதுரை. வடபழஞ்சியில் 85 டன் மினி-ஐகால் டிடெக்டர். இரும்புத் தகடுகளுக்கு நடுவே துகள்களை உணரும் 2 மீட்டர் சதுரக் கண்ணாடி ஆர்பிசி அறைகள், சுமார் 10 கிலோவோல்ட். உள்ளே ஓடும் வாயுவில் பெரும்பங்கு ஆர்134ஏ, கொஞ்சம் ஐசோபியூட்டேன், துளி சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு. வெயில் ஏறினால் வாயுவின் அடர்த்தி குறையும், அதே வோல்டேஜ் அறைக்குக் கூடுதலாகப் படும், கரண்ட் ஏறும். காற்றழுத்தம் இறங்கினாலும் அப்படியே. ஈரப்பதம் கூடினால் மேற்பரப்பில் மின்கசிவு. ஆகவே கரண்டை மட்டும் பதிந்தால் பயனில்லை. பக்கத்திலேயே வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் மூன்றும் ஒரே கடிகார நேரத்தோடு இருக்க வேண்டும். இந்த வாயுக்களில் முதலாவதும் கடைசியும் புவியைச் சூடாக்குபவையும்கூட. வாயுக் கசிவைத் தேடுவது டிடெக்டருக்காக மட்டுமல்ல.

இங்கே இருப்பவை 20 அறைகள். இதன் முழு வடிவமாக, தேனி பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட ஐகாலில் சுமார் 29,000. இருபதுக்கு மனிதக் கண் போதும். 29,000-க்கு இத்தனை நானோஆம்பியர் தாண்டினால் மணி அடி என்று ஒரே வரம்பு வைத்தால், மே மாதத்தில் எல்லாம் அடிக்கும், டிசம்பரில் கெட்டுப்போன அறைகூட வரம்புக்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வோர் அறையையும் அதன் பக்கத்து அறைகளோடு ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே வெப்பம், ஒரே அழுத்தம், ஒரே வாயு. எல்லாம் சேர்ந்து ஏறினால் அது வானிலை. ஒன்று மட்டும் விலகி ஏறினால், அளவு எவ்வளவு சிறியதானாலும், அன்றைக்கே ஒருவர் அந்த அறையிடம் போய்ப் பார்க்க வேண்டும்.